மீசைக்காரனின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

சென்ற இதழில், புதிதாக மீன்தொட்டி வைப்பவர்கள் தண்ணீரை எப்படிப் பக்குவப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஒரு தாயார் எம்முடன் தொலைபேசியில் கதைத்தார். மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு 60 லீற்றர் தொட்டி ஒன்று வாங்கினார்களாம். கடைக்காரர் ஐந்தாறு கப்பி மீன்களைப் பிடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சைகை காட்டி, விரல்நீளக் கறுத்த மீன் ஒன்றையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன குடும்பம். மொழி பிடிபடாத காலம். விலையும் மலிவு. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழிந்தது. இன்று அந்த மீன் ஓரடிக்குக் குறைவில்லை. தொட்டியில் திரும்பவே இடமில்லை. வைத்த செடியெல்லாம் பிடுங்குப்பட்டு மிதக்கிறது. இரவில் வால் கண்ணாடியில் அடிபடும் சத்தத்தில் வீட்டார் விழித்துக்கொள்கிறார்கள். "பக்கத்திலை ஆறு ஓடுது. கொண்டுபோய் விட்டால் அதுக்கும் நல்லம், எங்களுக்கும் நல்லம்தானே?" என்பதுதான் தாயாரின் கேள்வி.

விடவேண்டாம் என்று அப்போதே சொன்னோம். ஏன் என்பதையும், இந்த நிலைக்கு வராமல் இருக்க முதலிலேயே என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதையும் இம்முறை பார்ப்போம்.

அந்த மீன் கெளுத்தி வகையைச் சேர்ந்தது. ஊரில் குளத்திலும் வயல்வாய்க்காலிலும் கால் வைத்தவர்களுக்குக் கெளுத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுங்கானிடம் குத்து வாங்கியவர்கள் எம் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். உலகில் 3000 இற்கும் மேற்பட்ட கெளுத்தி இனங்கள் உள்ளன. பெருவிரல் அளவில் நின்றுவிடுபவையும் உண்டு, ஆளுயரத்தைத் தாண்டுபவையும் உண்டு. எதற்கும் உண்மையான செதில் கிடையாது. சிலவற்றுக்கு வழவழத்த வெறுந்தோல். சிலவற்றுக்கு எலும்புத் தகடுகளால் ஆன கவசம். கடைகளில் நாம் காணும் சிறிய கெளுத்திகளில் பெரும்பாலானவை தென்னமெரிக்காவின் கவசக்காரர்கள்.

மீசை அழகுக்காக வளர்ந்தது அல்ல. அது கெளுத்தியின் நாக்கு என்றே சொல்லலாம். கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் இரை தேடும் மீனுக்குக் கண்ணால் பெரிய பயன் இல்லை. எனவே சுவை மொட்டுக்கள் மீசையில் நெருக்கமாகவும், உடலின் தோல் முழுவதிலும் பரவலாகவும் அமைந்திருக்கின்றன. உடம்பால் ருசிபார்க்கும் பிராணி இது. அடிமணலைப் பல வாரம் கழுவாமல் அழுக்கு மண்டவிட்டால் முதலில் கெடுவதும் இந்த மீசைதான். கிருமி பிடித்து, அரித்து, குட்டையாகிவிடும். மீசை தேய்ந்த மீனைக் கடையில் கண்டால் வாங்காதீர்கள்.

இனிப் பெயர் விடயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'பூனைமீன்', பிரெஞ்சிலும் அதே பொருளில் 'புவாசோன் ஷா', ஜேர்மனியில் 'வெல்ஸ்', ஒல்லாந்தில் 'மேர்வால்', நோர்வேயில் 'மல்லெ'. ஒரு குடும்பம் சுவிசில் இருக்க, மைத்துனர் ஒஸ்லோவில் இருந்தால், ஒருவர் வாங்கிய மீனை மற்றவருக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்தவே முடியாது. ஆனால் இலத்தீன் பெயர் எல்லா நாட்டிலும் ஒன்று. அந்த நாட்டு மொழி ஒரு சொல்லும் தெரியாதவரும் ஒரு துண்டுக் கடதாசியையும் பேனையையும் நீட்டலாம். "இதன் இலத்தீன் பெயரை எழுதித் தாருங்கள்" என்ற ஒரு வசனத்தைப் பிள்ளையிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போனால் போதும். எழுதித் தரமுடியாத கடையில் மீன் வாங்குவதை நாம் விரும்பமாட்டோம். பெயர் கையில் இருந்தால் வீட்டிலோ நூல்நிலையத்திலோ அது எவ்வளவு வளரும் என்று பார்த்துவிட்டு, அடுத்த கிழமை போய் வாங்கலாம்.

தாயாரின் தொட்டியில் இருப்பது, நாம் கேட்டறிந்த அளவில், ரெரிகோப்பிளிக்திஸ். (எழுதும்போது முன்னால் ஒரு 'பி' நிற்கும். அது வாயில் வராது.) அமேசன், ஒறினோகோ போன்ற ஆறுகளின் மீன் இது. 40 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும், பத்து வருடத்துக்கு மேல் உயிர்வாழும். 400, 500 லீற்றர் தண்ணீர் இல்லாமல் இதை வைத்திருக்க நினைக்கக் கூடாது. அதே கடையில், அதே நிறத்தில், அதே விலையில் அன்சிஸ்ரஸ் என்ற மீனும் இருக்கும். ஜேர்மனியில் இதை 'அன்ரெனன்வெல்ஸ்' என்பார்கள். இது 12 முதல் 15 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். பாசி தின்பதிலும் இதுவே கெட்டிக்காரன். இரண்டும் குஞ்சாக இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தவறு நடப்பது இங்கேதான்.

முதுகுச் செட்டையைப் பாருங்கள். மீன் அதை விரிக்கும்வரை பொறுத்திருங்கள். முன்னால் நிற்கும் தடித்த முள்ளை விட்டுவிட்டு, பின்னால் விசிறிக் கம்பிபோல் நிற்கும் மென்கதிர்களை எண்ணுங்கள். பத்து, பன்னிரண்டு என்று போய், செட்டை பாய்மரம்போல நீண்டு உயர்ந்திருந்தால் அது ரெரிகோப்பிளிக்திஸ். காசைச் சட்டைப்பைக்குள் திரும்ப வையுங்கள். ஏழெட்டோடு முடிந்தால் அன்சிஸ்ரசாக இருக்கலாம். ஆனால் உடனே மகிழ்ந்துவிடவும் கூடாது. ஹைப்போஸ்ரோமஸ் என்று இன்னொன்று உண்டு, அதற்கும் ஏழுதான், அதிலும் ஓரடிக்குப் போகும் இனங்கள் இருக்கின்றன. அன்சிஸ்ரசின் தலை அகன்று தட்டையாக இருக்கும், மூக்கின் விளிம்பு முள்ளின்றி வெறுமையாக இருக்கும். ஆண்மீன் சற்று வளர்ந்ததும் மூக்கின்மேல் கிளைவிட்ட தும்புகள் முளைக்கும். அவை மீசையல்ல, தோலின் வளர்ச்சி. பெண்மீனுக்கு அவை இல்லை, அல்லது விளிம்பில் சிறிதாக இருக்கும். எண்ணுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். எம்மைவிட அவர்களுக்குக் கண்கூர்மை அதிகம், பொறுமையும் இந்த விடயத்தில் அதிகம்.

பெயரே இல்லாத மீன்களும் கடைக்கு வந்துகொண்டிருந்தன. விஞ்ஞானிகள் பெயர் வைத்து முடிப்பதற்குள் வியாபாரிகள் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் 1988 இல் ஜேர்மன் சஞ்சிகையான 'டாட்ஸ்' இந்த உறிஞ்சுவாய்க் கெளுத்திகளுக்கு 'எல்' என்ற எழுத்துடன் இலக்கம் போடத் தொடங்கியது. தொட்டியில் 'எல் 46' என்று கண்டால் அது வரிக்குதிரைபோல் கறுப்பு வெள்ளை வரியுள்ள, பிறேசிலின் சிங்கு ஆற்று மீன். பெயருக்குப் பதில் இலக்கம் கிடைத்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்தும் தேடலாம்.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நம்பவேண்டாம். சிறு தொட்டியில் மீன் குட்டையாவது நோயால், அழுக்கு நீரால். அதற்குப் பெயர் வளர்ப்பல்ல. "இது மற்ற மீனின் கழிவைத் தின்னும்" என்பதும் பொய். எந்தக் கெளுத்தியும் எச்சத்தைத் தின்று சீவிப்பதில்லை. தான் தின்றதற்கு ஏற்பத் தானும் கழிக்கும், பெரிய கெளுத்தி நிறையக் கழிக்கும். துப்புரவுக்காரன் என்று வாங்கிய பிராணியால் பில்ரரை இருமடங்கு கழுவவேண்டி வந்த வீடுகள் எமக்குத் தெரியும்.

ஆற்றில் விடும் கேள்விக்கு வருவோம். குளிர்நாட்டு ஆற்றில் விட்டால் பெரும்பாலும் நடப்பது, மாரி தொடங்கியதும் அது விறைத்துச் சாவதுதான். அதுக்கும் நல்லம் என்று தாயார் சொன்னது இரக்கத்தில் சொன்னது, ஆனால் உண்மை அப்படியல்ல. சூடான தண்ணீர் உள்ள இடத்தில் விட்டால் அது சாகாது. அப்போது சாவது மற்றவை. ஜேர்மனியில் கேல்ன் நகருக்கு அருகே கில்பாக் என்றொரு ஓடை உண்டு. மின்நிலையத்தின் சூடான நீர் கலப்பதால், யாரோ கொண்டுபோய் விட்ட கப்பிகளும் அன்சிஸ்ரசும் அங்கே குடும்பம் நடத்தியது பதிவாகியிருக்கிறது. புளோரிடாவில் ரெரிகோப்பிளிக்திஸ் ஆற்றுக்கரைகளில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடுகிறது, கரை இடிகிறது. மெக்சிக்கோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பிழைத்த மீனவர்களின் வலைகளில் 2000 ஆம் ஆண்டையடுத்து இந்தக் கவசமீனே நிறைந்தது. முள்ளில் சிக்கி வலையும் கிழிந்தது, வாங்குவாரும் இல்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இலங்கையின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும், தமிழ்நாட்டின் ஏரிகளிலும் இதே மீன் இப்போது வலையில் வருகிறது. இலங்கையில் இதற்கு 'ராங்க் கிளீனர்' என்றே பெயர். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் இடம் போதாமல் கொண்டுபோய் விட்டதுதான் ஆரம்பம். இரைப்பையால் காற்றைச் சுவாசிக்கக் கூடியதால், நீர் வற்றிக் கலங்கிய இடத்திலும் இது தாக்குப்பிடிக்கும். நாம் வாழும் நாடுகள் பலவற்றில் தொட்டிமீனை இயற்கை நீர்நிலையில் விடுவது சட்டப்படி குற்றம். வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படியொரு கடிதம் வீடு தேடி வரத் தேவையில்லை.

அப்படியானால் சிறிய தொட்டிக்கு எந்தக் கெளுத்தி நல்லது? எம்மைக் கேட்டால் கொறிடோராஸ் என்போம். ஜேர்மனியில் 'பன்சர்வெல்ஸ்'. நாலைந்து சென்ரிமீற்றர், ஆறேழு சென்ரிமீற்றர் அளவில் பல இனங்கள் உண்டு. தனியே வைத்தால் மூலையில் ஒடுங்கிவிடும். ஆறு மீனாவது சேர்த்து வாங்கவேண்டும். அடியில் கூரான கல் வேண்டாம், மெல்லிய மணல் போடுங்கள். மூக்கை மணலுக்குள் புதைத்து, பூக்களின் வழியே மணலைக் கக்கும் விளையாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மற்ற மீன் விட்ட மிச்சத்தில் இவை வாழும் என்று எண்ணாதீர்கள். தாழும் உணவைத் தனியாக, விளக்கு அணைத்தபின் போடவேண்டும்.

கொறிடோராஸ் இடைக்கிடை அம்பாகக் கிளம்பி நீர்மட்டத்துக்குப் போய்த் திரும்பும். மூச்சு முட்டுகிறதோ என்று பயப்படுவார்கள். அது காற்றை விழுங்குகிறது. பின்குடலில் இருக்கும் இரத்தக்குழாய்கள் அதிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். ஆகவே மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடிக்கடி, எல்லாமாகச் சேர்ந்து, ஓயாமல் மேலே போனால் மாத்திரம் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

வெப்பமூட்டியின் மின்கட்டணத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வோம். புள்ளி விழுந்த 'பலியாற்றஸ்' என்ற இனம் 20 முதல் 23 பாகையிலேயே சுகமாக இருக்கும். டார்வின் தன் கப்பற்பயணத்தில் சேகரித்துக் கொண்டுவந்து, 1842 இல் பெயர் பெற்ற மீன் அது. 2024 இல் விஞ்ஞானிகள் கொறிடோராஸ் குடும்பத்தைப் பல கூறாகப் பிரித்ததால் இதன் முற்பெயர் இப்போது ஹோப்லிசோமா. கடைகள் பலவற்றில் இன்னமும் பழைய பெயரே எழுதியிருக்கும். இலத்தீன் பெயர் நாட்டுக்கு நாடு மாறாது என்று சொன்னோம், காலத்துக்குக் காலம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்பெயரைக் கவனித்தால் குழப்பம் குறையும்.

தவிர்க்கவேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுவோம். வெள்ளி நிறத்தில், ஒடுங்கிய உடலுடன் 'சுறா' என்று சொல்லி ஒரு குஞ்சு விற்பார்கள். அது சுறாவல்ல. மேக்கொங் ஆற்றுக் கெளுத்தி, ஒரு மீற்றருக்கு மேல் வளரும். சுப்பர் மார்க்கட்டின் குளிர்ப்பெட்டியில் 'பங்காசியஸ்' என்று வெள்ளைத் துண்டுகளாகக் கிடக்கிறதே, குழம்புக்கு நாமும் வாங்குகிறோமே, அதே மீன். சட்டிக்குரியதைத் தொட்டியில் விட்டால் யாருக்குத்தான் சுகம்?

கையாளும்போது கவனம். கெளுத்தி பயந்தால் முதுகு முள்ளையும் மார்புச் செட்டை முட்களையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையால் அள்ளினால் வலை சிக்கும், இழுத்தால் மீன் கிழியும். பிளாஸ்ரிக் டப்பாவைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, மீனை உள்ளே ஓட்டுங்கள். கொறிடோராசின் முள்ளுக்குச் சிறிது நஞ்சு உண்டு, கடுக்கும். எங்கள் சுங்கானும் (தமிழ்நாட்டில் தேளி என்பார்கள், பெயரே சொல்கிறது) சில கடைகளில் தொட்டிமீனாக வருகிறது. அதைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். குத்துப்பட்டால், கை பொறுக்கும் அளவு சூடான, ஆனால் தோலைச் சுடாத நீரில் அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்திருங்கள். நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். வீங்கினாலோ முள் உள்ளே முறிந்தாலோ வைத்தியரிடம் போகவேண்டும்.

தாயாரின் மீன் விடயம் முடிந்துவிட்டது. மகன் தன் பள்ளி ஆசிரியையிடம் சொல்ல, அவர் அந்த நகரத்து மீன் வளர்ப்போர் சங்கத்தைத் தேடிக் கொடுத்திருக்கிறார். சங்கத்தில் ஒருவர் வீட்டில் 800 லீற்றர் தொட்டி. பையில் போட்டால் முள் குத்தி ஒழுகும் என்பதால், மூடியுள்ள சாயவாளி ஒன்றைக் கழுவி, பாதிக்குத் தொட்டித் தண்ணீர் விட்டு, அதிலே வைத்து டிராமில் கொண்டுபோனார்களாம். மகன் வழிநெடுக வாளியை மடியிலிருந்து இறக்கவில்லை. வரும்போது அந்த மனிதர் அதே வாளிக்குள் ஆறு கொறிடோராசைப் போட்டு, இலத்தீன் பெயரையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த இதழில் கப்பிக் குஞ்சுகளைத் தாயிடமிருந்து காப்பாற்றும் வழியைப் பார்ப்போம்.