எந்தச் சட்டி நல்ல சட்டி?

தோட்டப்புறங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு பரவி வருகிறது. கடையில் விற்கும் விஸ்கிக்கு வரிமேல் வரி. தொழிலாளிக்கு எட்டாத விலை. ஆகவே வீட்டிலேயே காய்ச்சிக்கொண்டால் செலவும் குறைவு, சரக்கும் சுத்தம் என்பதே அந்தப் பேச்சு. சட்டி எப்படி இருக்க வேண்டும், எத்தனை நாளில் வேலையை முடிக்கலாம் என்றெல்லாம் கைத்தொலைபேசியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். தாத்தா சம்சு என்று சொல்லி ஒளித்துக் காய்ச்சியதைப் பேரன் விஸ்கி என்று சொல்லிப் பெருமையோடு காய்ச்சப் பார்க்கிறான். பெயர் மாறியதால் பொருள் மாறிவிடுமா?

குடிக்காதே என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. உபதேசம் கேட்டுக் கேட்டுத் தொழிலாளியின் காது புளித்துவிட்டது. செக்ரோல் எழுதும் நமக்குத் தெரிந்தது கணக்கு. மலிவு, மலிவு என்கிறார்களே, அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டி. விஸ்கிக்குப் பேர்போன ஸ்காட்லாந்தில் வாற்கோதுமை விஸ்கியைச் செப்புச் சட்டியில் வடிக்கிறார்கள். புளித்த ஊறலில் உண்டாகும் கந்தக வாடையைச் செம்பு இழுத்துக்கொள்ளும் என்பதே அதற்குக் காரணம். வடித்த பிறகும் அது விஸ்கி ஆகிவிடாது. ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தால்தான் அந்தப் பெயரைச் சூட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் லயத்தில் செப்புச் சட்டிக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் டின், களைக்கொல்லி வந்த பீப்பாய், பழைய லாரியின் ரேடியேட்டர், இவைதாம் கைக்கு எட்டுபவை. ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு சூடான சாராயத்தில் கரைந்து இறங்கும். ஈயம் உடம்பில் தங்கி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதை மூன்றாம் நாளே குடித்துவிட்டு, விஸ்கி என்று பெயர் வைத்து என்ன பயன்?

‘நல்ல எவர்சில்வர் சட்டி வாங்கினால் போதாதா?’ என்று கேட்கலாம். சட்டி நல்லதாக இருந்தாலும் உள்ளே போவது என்ன என்பது வேறு கேள்வி. மெத்தனால் என்ற ஒரு நஞ்சு உண்டு. வெறும் சர்க்கரை ஊறலில் அது மிகக் கொஞ்சமே உண்டாகும். பழச்சக்கையும் தோலும் சேர்ந்தால் கூடும். கொத்துக் கொத்தாகச் சாவு நேர்ந்த இடங்களிலோ பெரும்பாலும் காரணம் வேறு. அளவைப் பெருக்கவும் போதையைக் கூட்டவும் தொழிற்சாலையில் பயன்படும் மெத்தனாலை யாரோ கலந்திருப்பார்கள். தனக்கென்று காய்ச்சியவன் நாளடைவில் அண்டை வீட்டுக்கும் விற்கத் தொடங்குகிறான். விற்கத் தொடங்கியவனுக்கு அளவைப் பெருக்கும் ஆசை வராமல் இருக்குமா?

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரங்களிலும் கலப்பட மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விஸ்கி என்றும் பீர் என்றும் ஒட்டுப்போட்டு மலிவாக விற்ற சரக்கே அவர்களைக் கொன்றது. மாண்டவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். மலிவைத் தேடிச் சாகிறவன் எந்த நாட்டானாக இருந்தாலும் தொழிலாளியாகத்தான் இருக்கிறான்.

ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று சொன்னால் உடனே விளங்கும். பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோமே, உடம்புக்குள் போன மெத்தனால் அந்த ஆசிட்டாகத்தான் மாறுகிறது. அது கண்ணின் நரம்பைக் கருக்குகிறது. சுமார் 10 மில்லிலிட்டர் மெத்தனால் பார்வையைப் பறிக்கக்கூடும். சுமார் 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கக்கூடும். மணத்தாலும் நிறத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பற்றவைத்து நீலச் சுடர் எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்வதும் வெறும் கதை. மெத்தனால் கொதிப்பது 65 டிகிரியில், நல்ல சாராயம் கொதிப்பது 78 டிகிரியில் என்றாலும் இரண்டும் கலந்தே ஆவியாகி வரும். முதல் வடிப்பைக் கீழே கொட்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நம்புவதற்கில்லை.

அடுத்து நேரம். ஊறல் புளிக்கப் பல நாள். பிறகு வடிக்க ஓர் இரவு. சாராய ஆவி சட்டென்று தீப்பற்றும். ஆகவே அடுப்பை விட்டு ஒருவர் நகர முடியாது. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் யார்? பகலெல்லாம் நிரை பார்த்துவிட்டு வந்த மனைவிதானே! ஓர் இரவுக்கு 6 மணி நேரம், மாதத்துக்கு இரண்டு இரவு என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 144 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி வேலைக் கணக்கில் அது 18 நாள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதை 26 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்கு மேல். 18 நாளுக்கு ஏறக்குறைய 1,176 வெள்ளி! சர்க்கரையும் விறகும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நிர்வாகம் அரை மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினால் சங்கத்துக்கு ஓடி வருகிறோம். வர வேண்டியதுதான். ஆனால் 18 நாள் உழைப்பை ஒரு தகர டின் கூலியில்லாமல் வாங்கிக்கொள்ளும்போது ஏன் வாய் திறப்பதில்லை? இரவெல்லாம் விழித்தவன் காலைப் பிரட்டுக்கு எப்படி வருவான்? விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். பிந்திப் போனவனுடைய வாளியின் எடையைத் தராசு காட்டிக்கொடுக்கும். அந்த இழப்பும் மலிவு விஸ்கியின் விலையில் சேர்ந்ததுதான்.

இதற்குமேல் சட்டமும் இருக்கிறது. உரிமமின்றி மது வடிப்பது 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம்.

நம் முன்னோர் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து போலீசின் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். கொடுத்த கூலி கள்ளுக்கடை வழியாகக் கரைந்து போவதை அவர்கள் கண்டார்கள். அன்று கடையை மூடு என்று போராடிய இனம் இன்று தன் அடுப்படியிலேயே கடை திறப்பதா?

குடிப்பவனை மட்டும் குற்றம் சொல்லி நாம் கைகழுவ மாட்டோம். உடல் வலிக்கும் மன வலிக்கும் வேறு மருந்து காணாதவன் புட்டியைத் தேடுகிறான். மாலையில் போய் உட்கார ஒரு மண்டபம், விளையாட ஒரு திடல், படிக்க ஒரு நூல்நிலையம் எத்தனை தோட்டங்களில் ஒழுங்காக இருக்கின்றன? கிளைச் சங்கங்கள் இவற்றை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். குடியை விட விரும்புகிறவனைக் கேலி செய்யாமல், மருத்துவரிடம் கூட்டிப் போகவும் தோழர்கள் முன்வர வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மெத்தனால் குடித்தவனுக்கு அன்றே ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தலைவலி, வாந்தி, வயிற்றுவலி வரும். நல்ல சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் பிந்தும். கண்ணில் பனி படர்ந்தது போலத் தோன்றும். இரவுப் போதை தெளியவில்லை என்று எண்ணிப் படுக்க வைத்துவிடாதீர்கள். போலீசுக்கும் துரைக்கும் பயந்து மறைக்காதீர்கள். மோர் கொடுத்தால் தெளியும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன குடித்தான், எப்போது குடித்தான் என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் உண்டு. நேரத்தோடு போனால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். அதே சரக்கைக் குடித்த மற்றவர்களையும், நோவு தெரியாவிட்டாலும், கையோடு அழைத்துச் செல்லுங்கள்.