சோடியத்தின் கீழ்வீட்டுக்காரர்

போன வாரம் பெர்மாஸ் ஜெயா பேரங்காடியில் ‘குறைந்த சோடியம்’ என்று எழுதிய உப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தேன். அப்பாவுக்கு இரத்த அழுத்தம். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். சாதாரண உப்பைவிட விலை அதிகம்தான். பரவாயில்லை என்று அடுப்படியில் வைத்தேன்.

நான்காம் படிவம் படிக்கும் மகள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். “அம்மா, இதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கு. தாத்தாவுக்குச் சரி வருமா?”

அவளுக்குத் தேர்வு நேரம். தனிம அட்டவணையின் முதல் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தாள். லித்தியம், அதன் கீழே சோடியம், அதற்கும் கீழே பொட்டாசியம். நம் அடுக்குமாடி வீடுகள் மாதிரி. கீழே இறங்க இறங்க அணுவில் எலெக்ட்ரான் கூடு ஒவ்வொன்றாகக் கூடும், அணு பெரிதாகும். வெளிக்கூட்டில் உள்ள ஒற்றை எலெக்ட்ரான் கருவைவிட்டுத் தள்ளிப் போவதால் சுலபமாகக் கழன்றுவிடும். அதனால்தான் தண்ணீரில் போட்டால் லித்தியம் மெல்ல நுரைக்கிறது, சோடியம் உருகி உருண்டையாக ஓடுகிறது, பொட்டாசியம் இளம் ஊதா நிறத்தில் தீப்பற்றுகிறது. (காணொளியில் பார்த்தால் போதும், வீட்டில் வேண்டாம்!)

குளோரினோடு சேர்ந்துவிட்டால் இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் கரிக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கலக்க முடிவது அதனால்தான். ஆனால் அளவு வேறு. சோடியம் அயனியின் ஆரம் சுமார் 0.10 நானோமீட்டர், பொட்டாசியத்தினுடையது 0.14. இந்தத் துளி வித்தியாசம் நம் உடம்புக்குத் தெரியும். செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கென்று வாசல்கள் உண்டு. சோடியம் அதைவிடச் சிறியது, ஆனாலும் அந்த வாசலில் நுழைய முடிவதில்லை! உள்ளே போக அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைக் கழற்ற வேண்டும். வாசலின் உட்புறம் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் நீருக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைக் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கின்றன. சிறிய சோடியத்துக்கு அந்தப் பிடி எட்டாது. இந்த வாசலின் அமைப்பைக் கண்டறிந்த ரோடரிக் மெக்கின்னன் 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மலேசியர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுவதாக ஓர் ஆய்வு சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் விதித்த அளவு 5 கிராமுக்கும் குறைவு. சீனாவில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்ததில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பொட்டலம் மோசமானதல்ல. ஆனால் உடலில் மிஞ்சும் பொட்டாசியத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும்.

மறுநாள் பொட்டலத்தையும் மாத்திரைகளையும் கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், “இவருக்கு இது வேண்டாம்” என்றார். இந்துப்பு வாங்கட்டுமா என்று கேட்டேன். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதானாம்.

இப்போது வீட்டில் பழைய உப்புதான், பாதி அளவு. ரசத்தில் மிளகும் புளியும் கூடியிருக்கின்றன. அப்பா தினமும் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.