மூன்று மாதத்தில் என்ன முன்னேற்றம்?

அமெரிக்காவில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு, பள்ளி முடிந்தபின் என்ன என்பதை 16 வயதுக்குள் திட்டமிட வேண்டும் என்கிறது சட்டம். 21 வயதைத் தாண்டினால் பெரும்பாலும் பள்ளியின் பொறுப்பு தீர்ந்தது. அப்புறம்?

கலிபோர்னியாவின் ஓக்லண்டில், வயதுவந்த மாற்றுத்திறனாளிகளுக்காக 1974 முதல் இயங்கும் ‘கிரியேட்டிவ் குரோத்’ கலைக்கூடம் ஒரு வழி காட்டுகிறது. காது கேளாத, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஜூடித் ஸ்காட், பல பத்தாண்டுகளைக் காப்பகங்களில் கழித்துவிட்டு 1987இல் அங்கே வந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எதிலும் மனம் ஒட்டவில்லை. ஊழியர்கள் விரட்டவில்லை. பிறகு ஒரு நூல்வேலைப் பட்டறை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் நூலால் சுற்றிச் சுற்றிச் சிற்பமாக்கினார். 2014இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது.

அந்த இரண்டு ஆண்டுகளை எந்தப் படிவத்தில் நிரப்புவது? இப்படிப்பட்ட கூடங்களுக்கு நிதி தந்து மூன்று மாதத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை கேட்பவர்கள், முதலில் அப்படிப் பொறுமையாகக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு நிலையான சம்பளத்தைக் கொடுக்கட்டும்.