க்ஷயரோகமும் சாபக் கதையும்

நமது திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்கு வாரக் கணக்காய் இருமல் நிற்காமல், மாலையில் ஜுரம் கண்டு, உடம்பு இளைத்துக் கொண்டே போனால், வீட்டார் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? எத்தனையோ வீடுகளில் இன்னும் கோடாங்கியைத்தான். அவன் உடுக்கையடித்துக் 'காத்துக் கருப்பு' என்கிறான். ஜோசியன் சனிப் பார்வை என்கிறான். புரோகிதன் பூர்வ ஜென்ம பாவம் என்கிறான். மூவரும் கூலி வாங்கிக் கொண்டு போன பிறகு, மிச்சமிருக்கும் எலும்புக்கூட்டைத் தோப்பூர் ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். அங்கே உயிர் போனால் பழி மட்டும் டாக்டருக்கு!

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? தக்ஷன் தன் 27 பெண்களையும் சந்திரனுக்குக் கட்டிக் கொடுத்தானாம். சந்திரன் ரோகிணி ஒருத்தியிடமே ஆசை வைத்தானாம். மாமனார் சாபமிட்டதால் மருமகனுக்கு க்ஷயரோகம் வந்ததாம். வியாதி என்றால் சாபம், சாபம் என்றால் பரிகாரம், பரிகாரம் என்றால் தக்ஷிணை! இதுதான் புராண வைத்தியம்.

1882-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர், இந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று பெர்லினில் மெய்ப்பித்துக் காட்டினார். நோயாளி இருமும்போது அக்கிருமி காற்றில் கலக்கிறது; பக்கத்திலிருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். இதில் தக்ஷனுக்கு என்ன வேலை? 1956-ல் நமது சென்னையிலேயே துவங்கிய ஆராய்ச்சி, வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும் சானடோரியத்தில் கிடந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்தார்கள் என்றும், வீட்டாருக்கு அதனால் ஆபத்து அதிகமாகவில்லை என்றும் 1959-ல் உலகத்துக்குச் சொல்லிற்று. எந்தக் கோயில் தீர்த்தமாவது இப்படி ஒரு கணக்குக் காட்டியதுண்டா?

நிற்க, சர்க்காரையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. 1962-ல் தேசிய காசநோய்த் திட்டம் ஏற்பட்டது. சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாய்க் கிடைக்கின்றன, இது நன்மையே. ஆனால் 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-ல் டில்லியில் நாள் குறித்தார்கள். 2015-ல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புது நோயாளிகள் 2024-ல் 187 ஆகக் குறைந்தார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். குறைந்தது நூற்றுக்கு 21. குறைப்பதாகச் சொன்னதோ 80! குறித்த வருஷமும் போய்விட்டது. முகூர்த்தம் வைத்தால் கல்யாணம் நடக்கலாம், கிருமி சாகுமா? அதுவும் 2024 மார்ச்சில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்து, மாகாணங்களே வாங்கிக் கொள்ளட்டும் என்று மத்திய சர்க்கார் எழுதிற்றே! ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து நடுவில் நின்றால், கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

மருந்தோடு சோறும் வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு நல்ல உணவு கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்குப் புதிதாய் நோய் வருவது நூற்றுக்கு 39 குறைந்ததாக 2023-ல் வெளிவந்தது. நமது மாகாணத்திலும் 2022 முதல், நோயாளியின் எடை, மூச்சு, கால் வீக்கம் முதலியவைகளைப் பார்த்து, மிக மெலிந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. அதை மெச்சுகிறோம். ஆனால் உணவுக்கென்று நோயாளிக்குத் தருவது மாதம் 1000 ரூபாய், நாளொன்றுக்கு 33 ரூபாய்! போதாததற்குத் தனவந்தர்கள் உணவுக் கூடை தானம் செய்யட்டும் என்று 2022-ல் ஏற்பாடு. வரி கொடுக்கும் குடியானவனுக்கு உரிமையாய் வரவேண்டிய சோறு, கை நீட்டி வாங்கும் தர்மமாவதா? நோயோடு மானத்தையும் இழப்பதா?

வடக்கம்பட்டி முனியாண்டிக்கு வருஷந்தோறும் அண்டா அண்டாவாய்ப் பிரியாணி சமைக்கிறோம். தின்பவர் முனியாண்டியல்ல, ஜனங்களே. அந்த மட்டில் சரி. ஆனால் ஒரு நாள் பிரியாணிக்கு ஊர் கூடுகிறதே, பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை என்றால் அந்த ஊர் எங்கே போயிற்று?

எல்லாவற்றிலும் கொடியது பெண்கள் கதி. சம்பந்தம் தவறிவிடும் என்று கல்யாணத்துக்கு முன் பெண்ணின் நோயை ஒளிக்கிறார்கள். தள்ளி வைத்துவிடுவார்கள் என்று பின்னும் அவளே ஒளிக்கிறாள். மருந்தை மறைத்து வைத்து, நடுவில் நிறுத்தி, மாண்டு போகிறாள். பத்துப் பொருத்தம் பார்க்கும் கனவான்களே, குணமாகக் கூடிய வியாதிக்காக ஒரு பெண்ணைச் சாகவிடுவது எந்தப் பொருத்தத்தில் சேர்ந்தது?

ஆகவே தோழர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் உடனே சளியைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். மருந்து துவங்கியவர் ஆறு மாதமும் விடாமல் சாப்பிடும்படி பக்கத்தில் நின்று பாருங்கள். மாத்திரை இல்லை என்றால் கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் நமது வாலிபர்கள் இதைத் தம் வேலையாகக் கொள்ள வேண்டுகிறோம். இதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியவர் நோயாளியல்ல, அவரை ஒளிய வைக்கும் நாமே என்கிற புத்தி வந்தால் போதும்.