தகர டிரம்மும் மூன்று கப்பல்களும்

டிரினிடாட்-டொபாகோ. இரண்டு தீவு சேர்ந்து ஒரு நாடு. வெனிசுலாவுக்குக் கூப்பிடு தூரம். சனத்தொகை சுமார் 14 லட்சம். 1962ல் வெள்ளைக்காரன் போனபிறகும் அந்த நாட்டு அரசுச் சின்னத்தில் கொலம்பசின் மூன்று கப்பல்கள் மிதந்துகொண்டேதான் இருந்தன. அந்த ஆள் 1498ல் அங்கே வந்தவன். வந்தவனின் கப்பலை அறுபது வருசத்துக்குமேல் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

2024ல் அதை எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது. அந்த இடத்துக்கு வந்தது 'பான்'. எண்ணெய் டிரம்மின் அடியைச் சுத்தியலால் குழித்துச் சுதி சேர்த்த வாத்தியம். சேரிப் பையன்கள் செய்தது.

சந்தோசம்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற கனவான்கள் ஒன்றைக் கூடவே சேர்த்துச் சொல்கிறார்கள். தோல் மேளத்தைத் தடுத்ததால்தான் தகரம் பாடியதாம். அடக்குமுறைதான் கலைக்குத் தாயாம். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

நடந்தது என்ன? கரும்புத் தோட்ட அடிமைமுறை 1838ல்தான் முழுசாக முடிந்தது. விடுதலையான கறுப்பு மக்கள் பந்தமும் கம்பும் மேளமுமாகத் தெருவில் இறங்கிக் கொண்டாடியது 'கன்புலே'. 1881ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீஸ் அதை அடக்க வந்தது. சனங்கள் திருப்பி அடித்தார்கள். 1884ல் சட்டம் போட்டு மேளத்தின் வாயைக் கட்டினார்கள். அதே வருசம் அக்டோபர் 30. கரும்புக் கூலிகளாகப் போன இந்தியர்கள், முஸ்லிமும் இந்துவும் ஒன்றாக, மொகரம் ஊர்வலத்தோடு சான் ஃபெர்னாண்டோ நகரத்துக்குள் நுழையப் பார்த்தார்கள். துப்பாக்கிச் சூடு. பலர் செத்தார்கள். ஆதிக்கத்துக்குப் பயம் சத்தத்தைப் பார்த்து அல்ல, சத்தத்துக்குப் பின்னால் கூடுகிற கூட்டத்தைப் பார்த்து.

தோல் போனதும் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். 1930களில் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி. 1940களின் கடைசியில் 55 காலன் எண்ணெய் டிரம். எல்லி மேனட், ஸ்ப்ரீ சைமன் போன்ற இளைஞர்கள் ஒரே தகரத்தில் பல சுரங்களைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது பான் வாசிக்கிறவன் என்றால் ரவுடி என்று அர்த்தம். 1951ல் லண்டன் விழாவில் 'டாஸ்போ' குழு வாசித்து வெள்ளைக்காரன் கைதட்டிய பிறகுதான் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குக் காது திறந்தது. 1992ல் தேசிய வாத்தியம் ஆச்சு. 2023ல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11ஐ உலகப் பான் நாள் என்றது.

இதில் தடை எதைப் பெற்றது? தடியடியைப் பெற்றது, சிறையைப் பெற்றது. பானைப் பெற்றது அந்தக் கைகள். தடைதான் தாய் என்றால் தடை விழுந்த இடத்திலெல்லாம் ஒரு வாத்தியம் பிறந்திருக்கணுமே? வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான். வரவுப் பக்கம் பானை எழுதுகிறவன், பற்றுப் பக்கம் உடைந்துபோன மேளங்களையும் செத்துப்போன அடவுகளையும் எழுதணும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அதுக்குப் பேர் கணக்கில்லை, மோசடி.

நமக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு தொப்புள்கொடி உண்டு. மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிப் போன கூலிகளின் வாரிசுகள் அங்கே காளிக்கும் மாரியம்மனுக்கும் இன்றும் தப்பு அடிக்கிறார்கள். கடல் தாண்டியும் தப்பு சாகலை. அங்கே ஆண்டவன் அடிக்காதே என்றான். இங்கே ஊர்க்காரன் அடி என்றான்: சாவுக்கு அடி, கூலி கேட்காம அடி. அடிக்கக் கூடாது என்பதும் அடித்தே தீரணும் என்பதும் வேறுவேறு இல்லை. குச்சி யார் கையில் இருந்தாலும், அதை எப்போது தூக்குவது என்று முடிவு பண்ணுகிறவன் எசமான்.

பான் சின்னத்தில் ஏறிவிட்டது. பான் வளர்ந்த லாவென்டில் மேட்டில் வறுமை இன்னும் இறங்கலை. இங்கேயும் பறை மேடை ஏறுகிறது, கைதட்டு விழுகிறது. ஏற்றுகிறவர்களிடம் கேட்க நமக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது.

வாத்தியம் ஏறிடுச்சு, சரி. வாசிச்சவன் எப்போ ஏறுவான்?