தொட்டிப் பாசிக்கு மயில்துத்தமா?

வீட்டில் சிறிய கடல்நீர்த் தொட்டியில் மென்பவளம் வளர்க்கும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர், கல்லெல்லாம் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது, போர்டோ கலவைக்கு வைத்திருக்கும் மயில்துத்தம் போடலாமா எனக் கேட்டுள்ளார்.

கூடவே கூடாது. தாமிரம் பட்டால் பாசியோடு பவளம், நத்தை, இறால் எல்லாம் மடியும். விளக்கை அடியோடு நிறுத்துவதும் தவறு. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தைக் கொண்டே அதற்கு உணவு தருகிறது. காப்பிக்கு நிழலை அளவாக வைப்பதுபோல விளக்கு தினமும் 8 மணி நேரம் எரிந்தால் போதும். ஜன்னல் வெயில் நேராகப் படக் கூடாது.

பாசிக்கு உரம், மீந்த தீவனம் அழுகிச் சேரும் தழைச்சத்தும் மணிச்சத்துமே. மீன் இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவே தீவனம் போட வேண்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்ற வேண்டும். உப்புக் கலக்க ஆர்.ஓ. நீரே ஏற்றது.

மன்னார் வளைகுடாவில் பெயர்த்த கல்பவளம் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.