மழைக்குப் பின் இறுகிய கைப்பிரேக்

கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற நம் குடும்பங்கள் பள்ளி திறக்கும் தறுவாயில் மும்பைக்குத் திரும்புகின்றன. அதற்குள் முதல் மழை இரண்டொரு முறை பெய்துவிடுகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் ஒரு மாத காலம் வாசலில் நின்ற காரை எடுக்கச் சென்றால் என்ஜின் ஓடுகிறது. வண்டி மட்டும் நகர மறுக்கிறது. அன்பர்கள் சிலர் இது குறித்துக் கேட்டிருப்பதால் இம்மாதம் இதனையே எழுதலாயிற்று.

நம்மவரிடம் பெரும்பாலும் உள்ள சிறிய கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பது. பிடியை உயர்த்தினால் எஃகுக் கேபிள் இழுபட்டு, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிரம்மின் உட்புறத்தில் பிறை வடிவமான இரண்டு ஷூக்களை அழுத்துகிறது. ஈரம் பட்ட வார்ப்பிரும்பு ஓரிரவிலேயே துருவேறும். அழுத்திய நிலையில் வாரக்கணக்கில் நின்றால் அத்துரு ஷூவையும் டிரம்மையும் பசை போட்டாற்போல் ஒட்டிவிடுகிறது. கடற்காற்றின் உப்பும் இதற்குத் துணை. வேறு சில வண்டிகளில் டிரம்மின் மீது பழியில்லை. உறைக்குள் நீர் இறங்கிக் கேபிளே துருப்பிடித்து, பிடியைத் தாழ்த்திய பின்னும் பின்வாங்காது நின்றுவிடும்.

எது குற்றவாளி என்பதைப் பெரும்பாலும் பிடியே சொல்லிவிடும். வழக்கமான இழுவிசையின்றித் தொளதொளவென்று கிடந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். பிடி ஒழுங்காக ஏறி இறங்கியும் சக்கரம் அசையவில்லையெனில் ஷூ ஒட்டியிருக்கிறது. பொத்தானே அழுந்தாவிட்டால் அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டா. பிடியைச் சற்று மேலே இழுத்துக்கொண்டு அழுத்தினால் உள்ளிருக்கும் பற்கள் விடுபடும்.

ஷூ ஒட்டியிருந்தால், சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாதபோது, முதலில் ரிவர்ஸ் கியரிலும் பிறகு முதல் கியரிலும் கிளட்சை மெல்ல விட்டு வண்டியைச் சிறிது ஆட்டவேண்டும். 'டக்' என்ற ஓசையோடு விட்டுவிடுவதே வழக்கம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. இக்கார்களில் பலவற்றை முன்சக்கரங்களே இழுப்பதால், பின்சக்கரம் சுழலாமலே ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு வரக்கூடும். ஒருவர் பக்கவாட்டில் எட்ட நின்று சக்கரம் சுழல்கிறதா என்று பார்ப்பது அவசியம். நாலைந்து முறையில் விடவில்லையெனில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பது தகாது. ஷூவின் மேலுள்ள லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கினால் செலவு பன்மடங்காகும்.

அடுத்த வழி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டுவது. இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் காணும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் நுழையலாகாது. உதிரும் தூளை வாயால் ஊதவும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததுண்டு. உதவிக்கு வரும் தெருமுனை நண்பர் எண்ணெயோ கிரீஸோ விடச் சொல்லுவார். கேபிளின் வெளிமுனையில் விடலாம். டிரம்முக்குள் ஒரு துளி சென்றாலும் பிரேக் பிடிக்காது. கேபிளே துருவேறியிருந்தால் மாற்றிவிடுவது மேல்.

வண்டி நகர்ந்துவிட்டதென்று உடனே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புறப்படலாகாது. அரைகுறையாக விட்ட பிரேக்குதான் அதிக ஆபத்து. எங்கள் ரயில்வேயில் இதற்குப் 'பிரேக் பைண்டிங்' என்று பெயர். ஓடும் ரயிலைச் சிப்பந்திகள் கொடியோடு நின்று நோக்குவது வெறும் சடங்கன்று. சக்கரத்தருகே புகையோ பொறியோ தென்பட்டால் வண்டியை நிறுத்துவதற்கே. காருக்கு அவ்வாறு பார்க்க ஆளில்லை. உரசும் ஷூவின் சூட்டினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியிட்டால் கால் பிரேக்கும் பள்ளத்தில் மிதித்தாற்போல் இறங்கிவிடும். ஆகவே சிறிது தூரம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பார்க்க வேண்டும். தொடவேண்டா. ஒன்று மட்டும் அனலாக வீசினால் அவ்வண்டி மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்லப்பட வேண்டியதே.

பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் இயங்கும் புதுவகைப் பிரேக்குள்ள வண்டிகளுக்கு இவையெல்லாம் பொருந்தா. அவற்றில் பாட்டரி செத்தாலே பிரேக் விடாது. முதலில் பாட்டரியைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, சமதரையாயின், கைப்பிரேக்கை இழுக்காமல் முதல் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ செங்கல்லோ வைத்துச் செல்லலாம். சரிவில் இது கூடாது. முந்தின நாள் வண்டியைக் கழுவியிருந்தால் தெருவை ஒருமுறை சுற்றி வந்து, பிரேக்கை மிதித்து உலர்த்திய பின் நிறுத்தவேண்டும். 'கட்டை இருக்கிறது' என்று ஒரு சீட்டெழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவைப்பதும் நன்று. ஒரு மாதம் கழித்து அது யாருக்கு நினைவிருக்கும்?

ஸ்கூட்டர் வைத்திருக்கும் அன்பர்கள் கேட்டிருக்கும் கிளட்ச் கேபிள் விஷயம் அடுத்த இதழில்.